மிமோசாவுக்குள் நீலச் சங்கிலி

கை எனக்கு, கழுத்து அவனுக்கு. நீஸ் நகரத்தில் எங்கள் தொழில் அப்படித்தான் பிரிந்திருந்தது. மோதிரம், வளையல், கைக்கடிகாரம் என் பங்கு. சங்கிலி, பதக்கம், தோடு ஒனோரேயின் பங்கு. உட்கார்ந்து பேசி முடிவு செய்ததில்லை, தானாக அமைந்த ஏற்பாடு. கடலோரத்துப் பெரிய ஓட்டலில் நான் சீமாட்டிகளுக்கு நகம் சீர்செய்து சாயம் பூசுகிறவள். அதே ஓட்டலில் மாலைத் தேநீர் வேளையில், துணையில்லாமல் வரும் சீமாட்டிகளோடு நடனமாடச் சம்பளம் வாங்குகிறவன் அவன். என்னிடம் கையை நீட்டுவார்கள், அவன் தோளில் தலையைச் சாய்ப்பார்கள். அவரவருக்கு எட்டியதை அவரவர் எடுத்துக்கொண்டோம்.

அதற்காக எங்களுக்குள் சிநேகம் என்று நினைத்துவிடாதீர்கள். அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படிய வாரிய தலை, பளபளக்கிற ஷூ, யாரைப் பார்த்தாலும் பாதி குனிந்து ஒரு வணக்கம். என்னைப் பார்த்தால் மட்டும் அந்த வணக்கம் முழுதாகக் குனியும், கேலிக்காக. "மகாராணிக்கு இன்னைக்கு எத்தனை விரல் ஆச்சு?" என்பான். "உனக்கு எத்தனை கிழவி ஆச்சு, துரை?" என்பேன். ஓட்டல் வேலையாட்கள் நாங்கள் எப்போது சந்திப்போம் என்று காத்திருந்து வேடிக்கை பார்ப்பார்கள்.

போர் முடிந்து ஊர் மறுபடி சிரிக்கத் தொடங்கியிருந்த காலம் அது. அந்தப் பிப்ரவரியில், கார்னிவல் திருவிழா பார்க்க, கெண்ட் நகரத்து நூலாலை முதலாளியின் விதவை மதாம் வெர்ஹுல்ஸ்ட் வந்து இறங்கினாள். வாட்டசாட்டமான உடம்பு. படிக்கட்டில் அவள் சிரித்தால் சமையலறைவரை கேட்கும். சர்க்கரைப் பாகில் ஊறிய ஆரஞ்சுப் பழங்களைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு நாளெல்லாம் மென்றுகொண்டிருப்பாள். அவளிடம் ஒரு நீலக்கல் சங்கிலி இருந்தது. அடடா, அது கல்லா? நம் கடல்தான் துண்டு துண்டாகக் கோத்துக் கிடக்கிறதோ என்று முதல் தடவை பார்த்தபோது எனக்கு மூச்சே நின்றுபோனது.

சிக்கல் என்னவென்றால், அது நீளமான சங்கிலி. பகலில் கழுத்தில் கல் நகை போடுவது பட்டிக்காட்டுத்தனம் என்பது அந்தக் கூட்டத்தின் சட்டம். ஆகவே பகலெல்லாம் அதை மணிக்கட்டில் மூன்று சுற்றுச் சுற்றியிருப்பாள். பொழுது சாய்ந்தால் அதே சங்கிலி கழுத்துக்கு ஏறிவிடும்.

மறுநாளே பழைய ஊரில் சோக்கா கடை முன்னால் ஒனோரே என்னை மடக்கினான். சோக்கா என்றால் விறகடுப்பில் வேகும் கடலைமாவு அடை. சூடு ஆறுவதற்குள் மிளகு தூவி நின்றுகொண்டே தின்ன வேண்டும், இல்லாவிட்டால் தின்னக்கூடாது. வாய் வெந்துகொண்டிருக்கும்போது வந்து நிற்கிறான் மனுஷன்.

"மகாராணி, அது சங்கிலி. சங்கிலின்னா கழுத்து. கழுத்துன்னா நான்," என்றான்.

"நேத்து நான் பார்த்தப்ப அது கையில இருந்துச்சு. கையில இருந்தா அது வளையல். வளையல் என்னோடது."

"சாயங்காலம் அது எங்க இருக்கும்?"

"சாயங்காலம் அது எங்க இருந்தா எனக்கென்ன? விடிஞ்சா என்கிட்டத்தான் கையை நீட்டணும்."

"இப்படியே பேசிட்டிருந்தா ரெண்டு பேரும் ஒரே நாள்ல கையை வைப்போம், ரெண்டு பேரும் ஒரே நாள்ல உள்ள போவோம். இந்தக் கடற்கரை ரெண்டு திருடங்களுக்குப் பத்தாது, அர்லெட்."

"பத்தலைன்னா நீ போ. நானா வந்தேறி? நான் சலேயா பூச்சந்தைக்கு மேல மாடியில பொறந்தவ. நீ எந்த மலையிலேர்ந்து உருண்டு வந்தியோ, அங்கயே போ."

அவன் என் காகிதத்திலிருந்தே ஒரு துண்டு சோக்காவைப் பிய்த்து வாயில் போட்டுக்கொண்டான். அந்தத் துணிச்சலை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை. மென்று விழுங்கிவிட்டு நிதானமாகச் சொன்னான்: "சரி, பந்தயம் வச்சுக்கலாம். கார்னிவல் கடைசி நாள்ல ராஜா பொம்மையைக் கொளுத்தறப்ப சங்கிலி யார்கிட்ட இருக்கோ, கடற்கரை அவங்களுக்கு. கான்லேர்ந்து மெந்தோன் வரைக்கும், முழுசா. சங்கிலி இல்லாதவங்க மறுநாள் காலையில ரயிலேறணும். திரும்பி வரவே கூடாது."

"சம்மதம்!" என்றேன். யோசித்தா சொன்னேன்? கோபத்தில் வாய் முந்திக்கொண்டது. கையில் எச்சில் தொட்டுக் குலுக்கினோம். எங்கள் தொழிலில் அதற்குமேல் முத்திரை கிடையாது. நாங்கள் பூட்டைத் திறப்போம், போலீசிடம் வாய்கூசாமல் பொய் சொல்வோம். ஆனால் தொழில்காரர்கள் ஒருவருக்கொருவர் கை குலுக்கிக் கொடுத்த வார்த்தையை மீறினால் அப்புறம் எந்தத் துறைமுகத்திலும் தலைகாட்ட முடியாது.

வீட்டுக்கு நடக்கும்போதுதான் எதைப் பணயம் வைத்தேன் என்று புரிந்தது. நான் அந்த ஊரைவிட்டு ஓர் இரவு வெளியே தங்கியதில்லை. விடியலில் பூக்காரிகள் தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு சண்டை போடும் சத்தம் கேட்காவிட்டால் எனக்கு விடியவே விடியாது. தோற்றால் அதெல்லாம் போச்சு. வாழ்நாள் முழுக்க ஏதோ ஒரு மழைக்கார ஊரில் யாரோ ஒருத்தியின் நகத்தைச் செதுக்கிக்கொண்டு கிடக்க வேண்டும்.

சரி, ஜெயித்துவிட்டால் தீர்ந்தது என்று மறுநாள் காலை சோப்புத் தண்ணீர்க் கிண்ணத்தோடு மதாம் அறைக்குப் போனேன். கை நீட்டினாள். மோதிரங்களைத் தானே கழற்றி மேசையில் போட்டாள். சங்கிலியையும் கழற்றினாள். அவளோ, "ஐயோ, சோப்பு பட்டா கல்லு மங்கிடும்டி கண்ணு," என்று சொல்லிக்கொண்டே அதை எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்! கழுத்தில்! காலை நேரத்தில்! "இங்க யாரு பார்க்கப் போறா?" என்று ஒரு சிரிப்பு வேறு. மோதிரங்களைத் தொடக்கூட எனக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் நடனக்கூடத்தின் தூணோரம் நின்று ஒனோரேயைக் கவனித்தேன். மதாம் கழுத்தில் சங்கிலியோடு ஜம்மென்று இறங்கி வந்தாள். வாத்தியம் தொடங்கியது. அவன் கை அவள் முதுகில் மெல்ல ஏறியது. அவ்வளவுதான், நான் ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான் என்று நினைத்தேன். அதற்குள் அவள் நின்றாள். "இருப்பா, ஆடுறப்ப இது நெஞ்சுல இடிக்குது," என்று சொல்லிச் சங்கிலியைக் கழற்றி மணிக்கட்டில் சுற்றிக்கொண்டாள். ஒனோரேயின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவன் அவளைச் சுழற்றிக்கொண்டே என்னைப் பார்த்து முறைத்தான், பிறகு அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒவ்வொரு நாளும் இதே கூத்து. என்னிடம் வரும்போது கழுத்தில், அவனிடம் போகும்போது கையில். எனக்குக் கழுத்து வராது, அவனுக்குக் கை வராது. மணிக்கட்டில் நாடி துடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில்தான் கொக்கி இருக்கும். அங்கே விரல் பட்டாலே பட்டவளுக்குத் தெரிந்துவிடும். கழுத்தில் என்றால் பின்முடி, காலர், மூச்சு என்று வேறொரு கணக்கு. பத்து வருடத் தொழிலில் அவரவர் கற்றது அவரவருக்கு மட்டும்தான்.

கடைசியில் நானே வெட்கத்தை விட்டேன். ஒரு காலை, கூட்டிப் பெருக்கி நாற்காலிகளைக் கவிழ்த்து வைத்திருந்த நடனக்கூடத்தில் அவன் தனியாகப் பியானோ மூடியின்மேல் உட்கார்ந்து ஷூ துடைத்துக்கொண்டிருந்தான். "எனக்கு ஆடக் கத்துக்கொடு," என்றேன்.

"ஆடவா, கழுத்தைத் திறக்கவா?"

"ரெண்டுந்தான். பதிலுக்கு நான் கையைக் காட்டறேன்."

அவன் கற்றுக்கொடுத்தால் நான் ஜெயிக்கலாம், நான் கற்றுக்கொடுத்தால் அவன் ஜெயிக்கலாம். இரண்டு பேரும் எதிராளி ஏமாளி என்று நம்பினோம், அதனால் இரண்டு பேரும் ஒப்புக்கொண்டோம்.

பாட்டு இல்லை. அவனே மூக்கால் முனகிக்கொண்டு என்னைச் சுற்றினான். நான் இரண்டு தடவை அவன் பளபளக்கிற ஷூவை வேண்டுமென்றே மிதித்தேன். "முதல்ல ஆளை நிமிர வைக்கணும். சிரிக்க வச்சா நிமிருவாங்க, நிமிர்ந்தா கழுத்துல சங்கிலி கொஞ்சம் லூசாகும். அப்புறம் திருப்பத்துல காத்து அடிக்கும். காத்து எந்தப் பக்கமோ, விரலும் அந்தப் பக்கம். ஒரே மூச்சுல," என்றான். சொல்லிவிட்டு மதாமின் தலைமுடிச் சாயத்தைப் பற்றி ஏதோ அசட்டு ஜோக் அடித்தான். நான் சிரித்தேன். சிரித்து முடித்தபோது என் கழுத்துச் சங்கிலி அவன் விரலில் ஆடிக்கொண்டிருந்தது.

"எப்படி?" என்றான், பெருமை பிடிபடாமல்.

"ரொம்ப அழகு. இப்ப மணி என்ன, துரை?" என்றேன்.

அவன் தன் மணிக்கட்டைப் பார்த்தான். கடிகாரம் என் சட்டைப் பையில் இருந்தது. அவன் வாய் திறந்தபடி நின்றான். பிறகு சிரித்தான் பாருங்கள், கூடம் முழுக்க எதிரொலித்தது. நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே நாங்கள் இன்னும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டிருப்பதைக் கவனித்தேன். அவன் விடவில்லை. நானும் விடவில்லை. விடுவதற்கு யாரும் வழி சொல்லித் தரவில்லை.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் போய்விட்டது. தோற்றால் நான் போக வேண்டும். ஜெயித்தால் அவன் போக வேண்டும். இதில் எது ஜெயிப்பு? என் கோபத்தையெல்லாம் கூட்டி அவனை வெறுத்துப் பார்த்தேன். வரவில்லை. நாசமாய்ப் போகிறவன், என் சோக்காவைப் பிய்த்துத் தின்றவன், அவன் இல்லாத ஓட்டலை நினைத்தால் பொறுக்க முடியவில்லை.

கார்னிவலின் கடைசி நாள் வந்தது. பகலில் பூப்போர், அந்தியில் ராஜா பொம்மையைக் கடற்கரையில் கொளுத்துவார்கள். பூப்போர் எங்கள் ஊரில் பிறந்தவனுக்கு ரத்தத்தில் ஊறியது. பூவால் மூடிய வண்டிகள் கடற்கரைச் சாலையில் ஊர்வலம் போகும். வண்டியில் இருப்பவர்கள் கூட்டத்தின்மேல் பூச்செண்டு எறிவார்கள், கூட்டம் அதைப் பிடித்துத் திருப்பி எறியும். பிடித்த செண்டை மடியில் வைத்துக்கொள்கிறவனை ஊரே திட்டும். மதாம் ஒரு வண்டியை வாடகைக்குப் பிடித்து, தலைமுதல் சக்கரம்வரை மிமோசா என்கிற மஞ்சள் பூவால் மூடியிருந்தாள். தன்னோடு ஏற இரண்டு பேரை அழைத்தாள்: பக்கத்தில் உட்கார ஒனோரே, செண்டு எடுத்துக் கொடுக்க நான்.

"எனக்குக் குனிஞ்சா இடுப்பு வலிக்குதுடி கண்ணு. நீ எடுத்துக் கொடு, நான் வீசறேன். எவன் தலையில படுதோ அவன் பாக்கியசாலி!" என்றாள். வீசும்போது சங்கிலி கையில் இருந்தால் பறந்துவிடும் என்று அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பட்டிக்காட்டுத்தனம் என்று யார் சொன்னாலும் அன்று அவளுக்குக் கவலையில்லை.

வாத்தியம் முழங்கியது. பிப்ரவரி வெயில் சுள்ளென்று அடித்தது. எங்கும் மிமோசா, மஞ்சள் மஞ்சளாகத் தூள் பறந்தது. நான் மதாமுக்குப் பின்னால் மண்டியிட்டு அமர்ந்திருந்தேன். கொக்கி என் மூக்குக்கு நேரே. தெருவோரத்திலிருந்து யாரோ எறிந்த செண்டு மதாமின் தொப்பியில் மோதியது. அவள் கலகலவென்று சிரித்து நிமிர்ந்தாள். சங்கிலி தளர்ந்தது. காற்று கடலிலிருந்து அடித்தது. யோசிக்கவே இல்லை, என் விரல்கள் அவன் சொன்னபடி போயின. ஒரே மூச்சில்.

சங்கிலி என் உள்ளங்கையில் இருந்தது.

எதிரே, சாலையோரத்துப் போலீஸ்காரன் எங்கள் வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆனால் அவனுக்கும் எனக்கும் நடுவில் ஒனோரேயின் தொப்பி விரிந்து நின்றது. ஒனோரே எல்லாவற்றையும் பார்த்திருந்தான். பார்த்துவிட்டுத்தான் கூட்டத்துக்கு வணக்கம் சொல்கிற மாதிரி தொப்பியைத் தூக்கி என்னை மறைத்திருக்கிறான். நான் சங்கிலியை மடியில் கிடந்த, வாடாமலிருக்கத் தண்ணீர் தெளித்த ஒரு மிமோசா செண்டுக்குள் செருகினேன்.

வாத்தியச் சத்தத்தில் மதாமுக்குக் கேட்காது என்று அவன் என் பக்கம் சாய்ந்தான். சிரித்த முகந்தான், ஆனால் குரல் சிரிக்கவில்லை. "நல்லா எடுத்த. நானே இவ்வளவு அழகா எடுத்திருக்க மாட்டேன். காலைல எத்தனை மணிக்கு ரயில்னு தெரியுமா?"

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "எதுக்கு மறைச்ச? உன்னை யாரு கேட்டா? எனக்கு விட்டுக்கொடுக்க நீ யாரு?"

"நீ பொறந்த ஊரு இது. எனக்கு எல்லா ஊரும் ஒண்ணுதான்."

"பொய்!"

"சரி, பொய்தான். அதுக்கென்ன இப்ப?"

அந்த நேரத்தில் மதாம் பின்னால் கை நீட்டினாள். "பூவு, பூவு! சீக்கிரம்!" நான் அவனை முறைத்துக்கொண்டிருந்தேன். மதாம் பொறுக்காமல் என் மடியிலிருந்து கைக்குக் கிடைத்த செண்டை உருவி வீசிவிட்டாள்.

எந்தச் செண்டு என்று சொல்லவும் வேண்டுமா? ஊரே பூ எறிகிற நாளில், எறிகிற வண்டியில் உட்கார்ந்துகொண்டு, திருடிய சங்கிலியைப் பூவுக்குள் ஒளித்து வைத்த மடச்சி உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

செண்டு வளைந்து வளைந்து பறந்தது. நானும் ஒனோரேயும் ஒன்றாக எழுந்தோம். அது பழைய ஊர்க் கூட்டத்தின் நடுவில், மீன்காரி செலஸ்தீனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அவளுக்கு என்னைச் சின்ன வயதிலிருந்து தெரியும். தினம் கூடை கூடையாக மத்தி மீன் தூக்கும் கை அது. செண்டைக் கையில் வாங்கியவள் அதன் எடையைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

"செலஸ்தீன்! திருப்பி எறி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். "எறியாம வச்சுக்கிட்டா ஊரு சும்மா விடாது!"

"அடியே அர்லெட்! எனக்கே சொல்லித் தர்றியா? உங்க மிமோசால என்னடி, கல்லா வச்சிருக்கீங்க?" என்று கூவி, கையைப் பின்னால் இழுத்து, பிசாசு வேகத்தில் விட்டாள் ஒரு எறி. செண்டு நேராக ஒனோரேயின் மூக்கில் வந்து மோதியது. கூட்டம் கைதட்டியது. மூக்கிலிருந்து ரத்தம் ஒழுக, அவன் செண்டை மார்போடு கட்டிப்பிடித்துக்கொண்டான். எனக்கு உயிர் வந்தது.

அவன் அதை என் கையில் திணித்தான். "இந்தா. நீ எடுத்தது, உன்னுதுதான்."

"எனக்கு வேணாம். நீ வச்சுக்க."

"பந்தயம் பந்தயம்தான், அர்லெட்."

"நீ போகக் கூடாது!"

சொல்லிவிட்டேன். வாய்க்குள் வைத்துக்கொள்ள முடியவில்லை. அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "ஏன்?"

"ஏனா? உன்னைப் பிடிச்சிருக்குடா, மாடு! எத்தனை தடவை சொல்லணும்?"

"இப்பதானே முதல் தடவை சொல்ற," என்றான். அவன் கண் கலங்கியிருந்தது. அடிபட்ட மூக்கு என்று பிறகு சாதித்தான். நான் நம்பவில்லை.

முன்னால் நடுவர் மேடை தெரிந்தது. அங்கே ஒவ்வொரு வண்டியும் நிற்கும், புகைப்படக்காரர்கள் சூழ்ந்துகொள்வார்கள். மதாம் கைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள். தொப்பியைச் சரிசெய்தாள். அடுத்து கழுத்துக்குத்தான் கை போகும். போனால் கூச்சல், போலீஸ், ஓட்டல் வேலைக்காரப் பெண்களையெல்லாம் வரிசையில் நிறுத்திச் சோதனை.

"திருப்பிப் போட்டுடலாம். யார்கிட்டயும் இல்லன்னா யாரும் ஜெயிக்கலை," என்றேன்.

"போடறது எடுக்கறதைவிடக் கஷ்டம். நான் போட்டதே இல்ல."

"கொக்கி மாட்டற விரல் என்னோடது. ஆளை நிமிர்த்தற வாய் உன்னோடது. எழுந்திரு!"

அவன் எழுந்தான். ரத்தம் துடைத்த கைக்குட்டையைப் பைக்குள் திணித்துவிட்டு, மதாமின் முன்னால் முழுதாகக் குனிந்தான். "மதாம், வாத்தியம் வாசிக்கறாங்க. இந்த ஊர்ல வண்டி மேலயே ஆடின முதல் சீமாட்டி நீங்களா இருக்கணும்னு எனக்கு ஆசை."

"வண்டி கவுந்துடும்பா!"

"கவுந்தா பூ மேலதான் விழுவோம்!"

அவள் சிரித்தாள். ஐயோ, என்ன சிரிப்பு அது, குதிரைகளே காதைத் திருப்பின. எழுந்து நின்று அவன் தோளில் கை வைத்தாள். வண்டி குலுங்கியது. இரண்டு பேரும் அரைச் சுற்றுச் சுற்றினார்கள். அவளுடைய முதுகு என் பக்கம் வந்தது. செண்டிலிருந்து உருவிய சங்கிலியின் கல்லெல்லாம் மிமோசா ஈரத்தில் வழுக்கியது. நான் ஒரு நுனியை இந்தப் பக்கம் விட்டு, மறு நுனியை அந்தப் பக்கத்திலிருந்து வாங்கினேன். கொக்கி சேரவில்லை. இன்னொரு சுற்று. அவன் என்னைப் பார்க்காமலே அவளை மறுபடி என் பக்கம் கொண்டுவந்து நிறுத்தினான். அந்த நொடியில் அவன் கண் எனக்குக் கண், என் விரல் அவனுக்கு விரல். சேர்ந்தது.

மதாம் சட்டென்று கழுத்தைத் தொட்டாள். "என்ன இது, திடீர்னு சில்லுங்குது?"

"மிமோசாத் தண்ணி, மதாம்," என்றான் ஒனோரே, மூக்கடைத்த குரலில். "உங்க மேல பூ மழை பெய்யுதே."

புகைப்படக்காரர்கள் படமாக எடுத்துத் தள்ளினார்கள். எங்கள் வண்டிக்கு முதல் பரிசுக் கொடியைக் கட்டினார்கள். மதாம் ஆனந்தத்தில் எங்கள் இரண்டு பேர் தலையையும் சேர்த்து இழுத்து ஆளுக்கு இரண்டு முத்தம் வைத்தாள். அதுவரை திருடியது எத்தனையோ, ஒன்றுகூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் தந்ததில்லை. சத்தியமாகச் சொல்கிறேன்.

அந்தி சாயும்போது கடற்கரையில் ராஜா பொம்மைக்குத் தீ வைத்தார்கள். ஊரே கூவி ஆடியது. ஒனோரேயும் நானும் கைகோத்து நின்றோம். தீ பொம்மையின் கிரீடத்தைப் பிடித்தபோது அவன் மெதுவாகக் கேட்டான்:

"அர்லெட், நாம பந்தயத்துல என்ன சொன்னோம், ஞாபகம் இருக்கா?"

"யார்கிட்ட சங்கிலி இருக்கோ, கடற்கரை அவங்களுக்கு. யார்கிட்டயும் இல்ல. யாருக்கும் இல்ல. விடு."

"அது மட்டுமில்ல. சங்கிலி இல்லாதவங்க மறுநாள் காலைல ரயிலேறணும்னும் சொன்னோம்."

எனக்கு உறைத்தது. வார்த்தை அப்படித்தான் இருந்தது. எச்சில் தொட்டுக் குலுக்கிய வார்த்தை. சங்கிலி அவனிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

"அப்ப நான் மட்டும் போறேன்," என்றான் உடனே. "சொன்னவன் நான். உனக்கு இந்த ஊரை விட்டா மூச்சு வராது. யாரும் கேட்க மாட்டாங்க, நீ இரு."

"நீ கேட்க மாட்ட. நான் என்னையே கேட்டுக்குவேன்ல?" என்றேன். தீயைப் பார்த்துக்கொண்டே அழுதேன். அவன் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தான். நான் பிறந்த ஊர் ஒரு பக்கம், இந்த மாடு ஒரு பக்கம். இரண்டையும் வைத்துக்கொள்ள வழி கேட்டு இரவெல்லாம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன். விடியலில் கீழே பூக்காரிகள் சண்டையை ஆரம்பித்தார்கள். எழுந்து ஜன்னலைத் திறந்து கடைசி வசவுவரை கேட்டேன். பிறகு பெட்டியைக் கட்டினேன்.

நிலையத்தில் அவன் என்னைப் பார்த்ததும் ஓடி வந்தான். பெட்டியை வாங்கிக்கொண்டான். இத்தாலிப் பக்கம் போகிற ரயில். கடல் வலப்பக்கம் விரிந்துகொண்டே வந்தது. ஒவ்வொரு நிலையமாக என் கடற்கரை கழன்றுபோனது. நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே இருந்தேன்.

மெந்தோனில் ரயில் நின்றது. பந்தயக் கடற்கரையின் கடைசி ஊர். ஒனோரே எழுந்து கதவைத் திறந்து, என் பெட்டியைக் கையில் எடுத்தான். அவன் முகம் வெளுத்திருந்தது.

"இன்னும் எல்லை தாண்டல, அர்லெட். இங்க இறங்கினா மத்தியானத்துக்குள்ள வீட்டுக்குப் போயிடலாம். நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன். நிஜமா."

வெளியே எலுமிச்சை வாசனை அடித்தது. ஊர்க்காரர்கள் என் பாஷையில் ஒருவரையொருவர் திட்டிக்கொண்டிருந்தார்கள். நிலைய அதிகாரி விசிலை வாயில் வைத்தார்.

"கதவைச் சாத்து, குளிருது," என்றேன். "பெட்டியை மேல வை. அப்புறம் நகர்ந்து உட்காரு, ஜன்னல் பக்கம் எனக்கு வேணும்."